மருத்துவமனைக்கு வாசல் ஒன்றுதானா?

பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் போதும், உலகமே நம்மைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. "அடுத்து என்ன?" ஊரிலிருந்து வரும் மாமா கேட்கிறார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி கேட்கிறார். பால்காரர் கூடக் கேட்கிறார். நாங்களோ விடை தெரியாமல் சிரித்து வைக்கிறோம்.

எங்கள் வகுப்பு சிஸ்டர் ஒருநாள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார். பெயர் எழுத வேண்டாம். என்ன ஆக விரும்புகிறோம் என்பதை மட்டும் எழுத வேண்டும். சீட்டுகளைச் சேர்த்துப் படித்தபோது ஏறக்குறையப் பாதிச் சீட்டுகளில் "டாக்டர்" என்றிருந்தது. மற்றவற்றில் டீச்சர், போலீஸ், கலெக்டர், ஒரே ஒரு விமானி. ஐந்தாறு சீட்டுகள் மட்டும் வெறுமையாக இருந்தன. "இவர்களுக்கு ஆசையே இல்லையா?" என்று சிஸ்டர் கேட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி தானாகவே எழுந்து, "மார்க் நிறைய வந்தால் டாக்டருக்குப் படிக்கலாம் சிஸ்டர். வராவிட்டால் அம்மாவோடு ஆபீசுக்குப் போக வேண்டியதுதான். இப்போதே எதை எழுதுவது?" என்றாள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்தில் "ஆபீஸ்" என்றால் மேசையும் நாற்காலியும் உள்ள இடம் என்று பொருளன்று. பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்றே எங்கள் தாய்மார்கள் சொல்வார்கள். திரி வெட்டுவதும், பெட்டி ஒட்டுவதும், குழாயில் மருந்து செலுத்துவதுமே அங்கு அலுவல்.

அத்தொழிலை நாங்கள் இழிவாக எண்ணவில்லை. எங்களில் பலருடைய சீருடையும் நோட்டுப் புத்தகமும் அந்த வாரச் சம்பளத்தில் வாங்கியவையே. மழை பொய்க்கும் இந்தக் கரிசல் மண்ணில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது அத்தொழில்தான். எங்களை உறுத்தியது வேறொன்று. "டாக்டர்" என்ற சீட்டுக்கும் "ஆபீஸ்" என்ற சீட்டுக்கும் நடுவே வேறு சீட்டே இல்லையா? அந்த நடுச் சீட்டைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

எங்களுக்குத் தெரிந்த ஓசை

பட்டாசு வெடிக்கும் ஓசைக்கும் விபத்தின் ஓசைக்கும் உள்ள வேறுபாடு எங்கள் வட்டாரத்துச் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஒரு பிற்பகல், கணக்குப் பாடவேளையில், ஜன்னல் கதவுகள் ஒருமுறை அதிர்ந்தன. டீச்சரின் கையிலிருந்த சாக்பீஸ் கரும்பலகையிலேயே நின்றது. "எந்தப் பக்கம்?" என்று யாரோ மெல்லக் கேட்டார்கள். வகுப்பில் யார் யாருடைய அம்மா எந்த ஆபீசில் வேலை செய்கிறார் என்பது எங்கள் அனைவருக்கும் மனப்பாடம். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது நான்கைந்து பேரைத்தான். தலைமைச் சகோதரி அலுவலக அறையைத் திறந்துவிட்டு, ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பேச அனுமதித்தார். அன்று கணக்குப் பாடம் முடியவே இல்லை.

எங்கள் தோழியின் தாயாருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அவளுடைய பக்கத்து வீட்டு அத்தைக்கு வலக்கையிலும் கழுத்திலும் தீக்காயம். சில வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். பெரியவர்களுடன் நாங்கள் இருமுறை போய்ப் பார்த்தோம்.

மருத்துவமனை என்றால் டாக்டர் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். அங்கே கண்டது வேறு. டாக்டர் காலையில் வந்தார், மாலையில் வந்தார். நடுவே அறுவைச் சிகிச்சை அறையில் இருந்தார். மற்ற நேரமெல்லாம் அத்தையின் உயிரைக் காத்தவர்கள் வேறு பலர். இரத்தம் எடுத்துப் போய்ச் சோதித்தவர் ஒருவர். உப்புநீர் சொட்டுச் சொட்டாக இறங்குவதைக் கணக்கிட்டவர் ஒருவர். ஒட்டிக்கொண்ட கட்டுத் துணியை நனைத்து நனைத்து, தோல் உரியாமல் எடுத்தவர் ஒருவர். விரல்களை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுத்த அக்கா ஒருவர். அத்தை வலியால் அழுதார். அந்த அக்கா விடவில்லை. "இப்போது வலிக்கு இரக்கப்பட்டால் நாளைக்கு விரல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அம்மா" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் மடக்கினார். இன்று அத்தை தம் மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்புகிறார். அந்தப் பின்னலைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு அந்த அக்காவின் நினைவு வருகிறது.

இவர்கள் யார்? எங்கே படித்தார்கள்? எத்தனை ஆண்டு படித்தார்கள்? எங்கள் சீட்டுகள் ஒன்றிலும் இவர்கள் பெயர் ஏன் இல்லை?

அமெரிக்காவில் ஈராண்டு

இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது "சமுதாயக் கல்லூரி" என்ற சொல் எங்களுக்கு அறிமுகமாயிற்று. அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டில் ஆறே மாணவர்களுடன் ஒரு சிறு கல்லூரி தொடங்கியது. அந்நாட்டின் முதல் பொதுச் சமுதாயக் கல்லூரி என்று அதைச் சொல்கிறார்கள். வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவு குறைவு, ஈராண்டில் படிப்பு முடியும். முடித்தவர்க்கு இணைநிலைப் பட்டம் தருவார்கள். விரும்பினால் பல்கலைக்கழகத்தில் மேலும் ஈராண்டு படித்து முழுப் பட்டமும் பெறலாம்.

செவிலியர் கல்வியையும் அங்கே இவ்வழியில் கொண்டுவந்தவர் ஒரு பெண்மணி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டில் செவிலியர் பற்றாக்குறை பெரிதாக இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த மில்ட்ரெட் மாண்டாக் என்பவர், சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு படித்தும் நல்ல செவிலியர் ஆகலாம் என்று 1951-இல் தம் ஆய்வில் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் 1952-இல் சில கல்லூரிகளில் நடத்தியும் காட்டினார். இன்று அந்நாட்டில் ஈராண்டு படித்தவரும் நான்காண்டு படித்தவரும் பதிவுபெற்ற செவிலியராக ஒரே உரிமத் தேர்வைத்தான் எழுதுகிறார்கள். தேர்வறையில் யார் எத்தனை ஆண்டு படித்தார் என்று எவரும் கேட்பதில்லை.

நம் நாட்டில் நடந்தது

"அது அமெரிக்கா. நம் நாட்டில் நடக்குமா?" என்று கேட்கலாம். இங்கும் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் இந்தியாவின் முதல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னை மயிலை உயர்மறைமாவட்டமும் ஒன்றைத் தொடங்கியது. சேசு சபைக் குருவான சேவியர் அல்போன்ஸ் அடிகளார் இக்கல்லூரிகள் நாடெங்கும் பரவ உழைத்தார். படிப்பை இடையில் விட்டவர், வேலையற்றவர், ஏழைப் பெண்கள் ஆகியோருக்காகவே அவை ஏற்பட்டன. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், வேலையிடத்தில் நேரடிப் பயிற்சி, வேலைக்கு ஆயத்தமாதல் என்று பாடங்களை வகுத்தார்கள். நோயாளர் பராமரிப்பும் கணினியும் தையலும் அங்கே கற்பிக்கப்பட்டன.

2009-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஈராண்டு முடித்தவர்க்கு இணைநிலைப் பட்டம் தரவும் முன்வந்தது. ஆனால் அத்திட்டம் சில ஆண்டுகளில் நின்று போயிற்று. பின்பு 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு வேறொரு திட்டத்தில் கல்லூரிகளுக்கு உதவி அளித்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஓராண்டு படித்து நிறுத்தினால் சான்றிதழ், ஈராண்டுக்குப் பட்டயம், மூன்றாண்டுக்குப் பட்டம் என்று எழுதிற்று. தாள்களில் பெயர்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஏழைப் பெண்ணின் கையில் எது நிலைத்தது என்பதுதான் எங்கள் கவலை.

இந்த வழி நம் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். அப்பள்ளி முதலில் கொடுத்தது பட்டமன்று, எல்.எம்.பி. என்ற பட்டயமே. பல ஆண்டுகள் கழித்து, 1942-இல்தான் அது எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பாக உயர்ந்தது. பட்டயம்தானே என்று அன்று எவரேனும் ஏளனம் செய்து அதை நிறுத்தியிருந்தால், இன்று நாடே அறிந்த வேலூர் மருத்துவக் கல்லூரி எங்கிருந்து வந்திருக்கும்?

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சிவகாசியின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றார்கள். அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்தது பட்டத் தாளன்று. கையில் ஒரு தொழிலும் அதன் நுட்பமும். சில மாதங்களில் கற்ற அந்தக் கல்வி ஓர் ஊரின் தலைவிதியையே மாற்றிவிட்டது. குறுகிய காலப் படிப்பு என்று முகம் சுளிக்க நம் ஊருக்கு எள்ளளவும் உரிமை இல்லை!

எங்கள் மண்ணுக்கு என்ன தேவை?

இதற்கு மேல் நாங்கள் சொல்ல வருவதுதான் முக்கியமானது.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த விபத்தை எங்கள் பெற்றோர் இன்றும் பேசுவார்கள். முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் அந்த ஆபீசில் வேலை பார்த்தவர்களே அல்லர். உதவ ஓடிப் போனவர்களும், என்னவென்று பார்க்கப் போனவர்களும் ஆவர். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெருவிபத்து. இவற்றுக்கு நடுவிலும் பின்னும் நடந்தவை எத்தனையோ. விபத்தே நடவாமல் தடுப்பதுதான் முதல் கடமை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் தடுக்கும் நாள் வரும் வரையில் தீக்காயம் பட்டவரை யார் தொடுவது?

தீக்காயச் சிகிச்சை ஓர் ஊசியோடு முடிவதன்று. வளர்ந்த ஒருவருக்குக் கை ஒன்று முழுவதும் வெந்தால் உடம்பில் நூற்றுக்கு ஒன்பது பங்கு என்றும், கால் ஒன்று என்றால் பதினெட்டுப் பங்கு என்றும் கணக்கிடுகிறார்கள். அக்கணக்கை வைத்துத்தான் எவ்வளவு நீர் ஏற்றுவது என்று முடிவு செய்கிறார்கள். பிறகு கிருமி அண்டாமல் கட்ட வேண்டும். ஆறும்போது தோல் சுருங்கி மூட்டை இழுத்துவிடாமல் பயிற்சி கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் அழுத்த உடை அணிவிக்க வேண்டும். இவை அனைத்தும் பழகிய கைகள் செய்ய வேண்டிய வேலை.

பழகாத கைகள் என்ன செய்யும் என்பதையும் பார்த்திருக்கிறோம். எங்கள் தெருவிலேயே வெந்த இடத்தில் பேனா மையை ஊற்றினார்கள், தோசை மாவைப் பூசினார்கள், பற்பசை தடவினார்கள். எல்லாம் அன்பினால் செய்தவை, எல்லாம் கேடு. செய்ய வேண்டியது, குழாயைத் திறந்து இருபது நிமிடம் ஓடும் நீரில் காட்டி, பிறகு சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதுதான். மற்ற எந்த ஊருக்கும் இது பாடப்புத்தகச் செய்தி. நமக்கு இது அன்றாடச் செய்தி அல்லவா?

2021-இல் இந்திய நாடாளுமன்றம், மருத்துவம் சார்ந்த துணைத் தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் இயற்றியது. அதன் அட்டவணையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் இருக்கின்றன. ஆய்வக நுட்பம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், பிசியோதெரபி என்று போகும் அந்த வரிசையில், காயமும் தீக்காயமும் சார்ந்த ஒரு தனிப் பிரிவே உண்டு. தீக்காயப் பராமரிப்பு வல்லுநர் என்ற தொழிலைக் கண்டதும் எங்களுக்கு மெய் சிலிர்த்தது. டெல்லியில் யாரோ எழுதிய அட்டவணையில் எங்கள் ஊருக்கென்றே ஒரு வரி!

விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12-ஆம் நாள் திறக்கப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. காயம் கடுமையானால் இங்கிருந்து எழுபது கிலோமீட்டர் போல மதுரைக்குக் கொண்டு போகிறார்கள். கல்லூரி இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, கற்க ஆவலுள்ள பெண்கள் இருக்கிறார்கள். இம்மூன்றையும் சேர்க்கும் ஈராண்டுப் படிப்பு ஒன்று, தீக்காயப் பராமரிப்பிலும் அவசரச் சிகிச்சையிலும், விருதுநகர் மாவட்டத்தில் அவசியம் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

ஏமாறாதிருக்க

இனிக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் படித்த அக்கா ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் வெளியூரில் ஓரிடத்தில் "நர்சிங்" படிக்கச் சேர்ந்தார். மாடி ஒன்றில் இரண்டு அறைகள், வெள்ளைச் சீருடை, சுவரில் உடற்கூறுப் படம். அவருடைய தாயார் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஓராண்டு முடிந்து சான்றிதழும் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனபோதுதான், செவிலியராகப் பதிவு செய்ய அந்தத் தாள் செல்லாது என்று தெரிந்தது. அந்த அக்கா இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறார். கம்மல் இன்னும் மீளவில்லை.

ஆகையால் நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டதைத் தங்கைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்கிறோம். செவிலியர் படிப்பு என்றால், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட குழுமம் அது. பிளஸ் டூவுக்குப் பின் மூன்றாண்டு படிக்கும் பட்டயமும் நான்காண்டு படிக்கும் பி.எஸ்சி. பட்டமும் இருக்கின்றன. மற்றத் துணைத் தொழில்களுக்கு, மேலே சொன்ன 2021-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக ஓர் எல்லை வகுத்திருக்கிறது. பட்டயமோ பட்டமோ, ஈராண்டு முதல் நான்காண்டுக்குள் 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பு வேண்டும். அதற்குக் குறைந்ததை ஒருவர் எவ்வளவு பளபளப்பான தாளில் அச்சிட்டுக் கொடுத்தாலும் அத்தொழிலுக்கு அது போதாது.

இதனால்தான் ஓராண்டுச் சான்றிதழோடு நின்றுவிடும் சமுதாயக் கல்லூரிகள் தம் பாடத்திட்டத்தை ஈராண்டாக உயர்த்த வேண்டும் என்கிறோம். ஓராண்டுப் படிப்பு வீட்டிலே முதியவரைக் கவனிக்கப் பயன்படலாம். ஆனால் படித்த பெண் தலைநிமிர்ந்து, "நான் இத்தொழிலில் பதிவு பெற்றவள்" என்று சொல்ல அது உதவாது.

இரண்டு மறுப்புகள்

இக்கட்டுரையை எழுதும்போது எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒருத்தி கேட்டாள்: "பணக்காரப் பிள்ளைகளுக்கு நீண்ட ஏணி, நமக்கு மட்டும் குட்டை ஏணியா? ஏழைப் பெண் டாக்டராக ஆசைப்படக் கூடாதா?" நல்ல கேள்வி. ஆசைப்படலாம், ஆசைப்பட வேண்டும். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் ஆசைப்படாதிருந்தால் நம் நிலை என்ன? ஆனால் ஆசைப்பட்ட அனைவருக்கும் இடம் இல்லை என்பதும் உண்மை. இடம் கிடைக்காத பெண், முழு ஏணியையும் இழந்து தரையில் விழ வேண்டுமா? குட்டை ஏணியை நாங்கள் கேட்கவில்லை. நடுப்படிகள் உள்ள ஏணியைக் கேட்கிறோம். ஈராண்டு படித்தவள் வேலை செய்து, தங்கையைப் படிக்க வைத்து, பிறகு தானும் விட்ட இடத்திலிருந்து ஏறிப் பட்டம் பெற வழி இருக்க வேண்டும். அவ்வழி அடைபட்டிருந்தால் எங்கள் தோழி கேட்டது சரி. அது குட்டை ஏணிதான். அப்போது அவளோடு சேர்ந்து நாங்களும் சண்டை போடுவோம்.

இன்னொரு மறுப்புப் பெற்றோரிடமிருந்து வருவது. "பெண்பிள்ளை இரவு வேலைக்குப் போவதா? இரத்தத்தையும் சீழையும் தொடுவதா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்?" பெற்றோரே, உங்களிடம் பணிவோடு ஒன்று கேட்கிறோம். மருந்துத் தூசி மூக்கில் ஏறும் வேலைக்கு விடியற்காலையில் வேன் ஏறிப் போகும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் சொல்லவில்லையே? 2008-இல் நம் மாநிலத்துக்கு 108 ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து அதில் பெண்களும் இரவும் பகலும் வேலை செய்கிறார்கள். நம் வீட்டில் ஒருவர் விழுந்தால் அந்த வண்டி வரும்போது கையெடுத்துக் கும்பிடுகிறோம். அதிலிருந்து இறங்குபவள் நம் மகளாக இருந்தால் மட்டும் என்ன குறை?

நாங்கள் கேட்பவை

அரசையும் கல்லூரிகளையும் நாங்கள் கேட்பது அதிகமில்லை. ஈராண்டுப் படிப்பு மாவட்டத்துக்குள்ளேயே வேண்டும். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் தொலைவில் வேண்டும். பயிற்சி உண்மையான நோயாளியின் அருகில் நடக்க வேண்டும். பட்டப் படிப்புக்கு மாறும் வழி சேரும் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். ஆபீசில் வேலை பார்த்துப் படிப்பை விட்ட அக்காமாருக்கும் அதில் சில இடங்கள் வேண்டும். விபத்து எப்படி நேர்கிறது என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

பெற்றோரிடம் கேட்பது இது. பத்தாம் வகுப்போடு எங்களை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவம் சார்ந்த பெரும்பாலான படிப்புகளுக்குப் பிளஸ் டூவில் உயிரியல் படித்திருக்க வேண்டும். இந்த ஜூன் மாதத்தில் நீங்கள் எடுக்கும் முடிவு, ஐந்தாண்டு கழித்து எங்கள் கையில் என்ன இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பணம் ஒரு தடை என்பதை அறிவோம். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி கற்க மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்க்கும் விரிவாயிற்று. பட்டயப் படிப்பும் அதில் அடங்கும் என்பதைப் பலர் அறியவில்லை. பள்ளி அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் அன்புக்குரிய சிஸ்டர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. பரிசளிப்பு விழாவுக்கு டாக்டரையும் கலெக்டரையும் அழைப்பது போலவே, அடுத்த ஆண்டு ஓர் ஆய்வக நுட்பரையும், எக்ஸ்ரே எடுக்கும் அக்காவையும், அத்தையின் விரலை மடக்கிய அந்த அக்காவையும் மேடைக்கு அழையுங்கள். மேடையில் காணாத தொழிலைச் சீட்டில் எழுத எங்களுக்கு எப்படித் தோன்றும்?

பெருந்தலைவர் காமராசர் பிறந்த மாவட்டம் இது. படிப்பை இடையில் விட நேர்ந்த அவர், மற்ற எந்தப் பிள்ளையும் அப்படி விடக் கூடாது என்று ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார். பசித்த வயிற்றுக்கு மதிய உணவும் தந்தார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் மாநிலத்தில் முதலிடம் என்ற பெருமையை எங்கள் மாவட்டம் பலமுறை பெற்றிருக்கிறது. தேர்ச்சி பெற்ற பின் அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்ற கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் நலம்.

சிஸ்டர் அன்று கொடுத்த சீட்டுகளை மறுபடியும் ஒருமுறை கொடுக்கும்படி அண்மையில் நாங்களே கேட்டு வாங்கினோம். இம்முறையும் பெயர் எழுதவில்லை. "டாக்டர்" இருந்தது, இருக்கட்டும். "கலெக்டர்" இருந்தது. விமானியும் மனம் மாறவில்லை. வெறுமையான சீட்டு மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒரு சீட்டில், அடித்துத் திருத்திய சிறு எழுத்தில், "தீக்காய வார்டில் வேலை. முடிந்தால் சிவகாசியிலேயே" என்றிருந்தது.

அது யார் எழுதியது என்று நாங்கள் கேட்கவில்லை. எழுத்தைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவினருக்காக, வகுப்பு மாணவி ஒருத்தி